மஞ்சள் துணியில் கட்டிய காம்பஸ் பெட்டி

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் எனக்கு வட்டங்கள் வருகின்றன. பெரிய வட்டம், சின்ன வட்டம், ஒன்றையொன்று தொட்டபடி மெல்ல நகரும் வட்டங்கள். காலமெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரி சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறென்ன கனவு வரும் என்று என் தங்கை கேலி செய்கிறாள். அவளுக்குக் கனவில் மீன் குழம்பு வருமாம்.

போன வாரம் நீங்கள் நான்கு பேரும் என்னைப் பார்க்க வந்தீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த கணக்கு ஆசிரியைகள், கையில் நோட்டுப் புத்தகம் வேறு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது என்று கேட்டீர்கள். நான் காப்பி கொடுத்து, வேறு கதை பேசி, உங்களை அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பாடங்களை எந்த வரிசையில் நடத்துவது, பழைய கேள்வித்தாளை எத்தனை முறை போட்டுப் பார்ப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் கிள்ளானில், நான் செய்த ஒரு முட்டாள்தனம்தான் இதில் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. எனக்கு முன்னால் அந்தப் பள்ளியில் கணக்கு நடத்திய அம்மையார் விடைபெற்றுப் போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார். தேர்வு எழுதப்போகும் பெண்ணின் அனுமதிச் சீட்டை அவளிடமும் கொடுக்காதே, அவள் வீட்டாரிடமும் கொடுக்காதே, மண்டபத்து வாசல் வரைக்கும் உன் கைப்பையிலேயே வைத்துக்கொள் என்றார். கணக்கைப் பற்றி ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

என் மாணவி சிவகாமிக்கு வயது பத்தொன்பது. அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. சிங்கப்பூரில் இருந்த கல்லூரியில் சேர அவளுக்கு ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. மற்றப் பாடங்களில் அவள் தேறிவிடுவாள். கணக்குத் தாள்தான் வடிகட்டும். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு தடவைதான் தேர்வு எழுதலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தேறினால் படித்து முடிக்கும்வரை காத்திருப்பார்கள். தேறாவிட்டால் வருகிற தை மாதமே கல்யாணம், அதோடு படிப்புக்கு முழுக்கு.

சிவகாமியிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. கேள்வியைப் படித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். பென்சிலைத் தொடமாட்டாள். பக்கத்து மேசைப் பெண்கள் கோடு போட்டு, வட்டம் போட்டு, அழித்து மறுபடி போட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் கோயிலில் நிற்கிறவள் மாதிரி இருப்பாள். "இது வகுப்பும்மா, உங்க வீட்டு ஊஞ்சல் இல்ல" என்று நான் மேசையைத் தட்டுவேன். பதறிக் கண்ணைத் திறப்பாள். திறந்த பிறகு அவளுக்கு எதுவும் ஓடாது. முதல் இரண்டு மாதம் இப்படியே அவளை நான் கெடுத்தேன். தூங்குமூஞ்சி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

கிள்ளானில் மழை பிற்பகலில் வரும். பள்ளியின் தகரக் கூரையில் அது இறங்கினால் நான் போடும் சத்தம் எனக்கே கேட்காது. அப்படி ஒரு நாள் பாடம் நடத்த முடியாமல் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சன்னலுக்கு வெளியே தென்னை மரங்கள் கரைந்துபோய், உலகமே வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டது. சிவகாமி கண்ணை மூடியபடி வலதுகை ஆள்காட்டி விரலால் காற்றில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஏனோ எனக்குத் தட்டத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை தணிந்ததும் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"மூணு வட்டம், டீச்சர். கோலிக்குண்டு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒட்டுற எடத்துல எல்லாம் ஒரு தொடுகோடு போட்டேன். மூணு கோடும் நடுவுல ஒரே புள்ளிக்குத்தான் போவுது."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"வட்டத்தைப் பெருசாக்கிப் பாத்தேன், சின்னதாக்கிப் பாத்தேன். அந்தப் புள்ளி கூடவே நகர்ந்து வருது. விட்டுட்டுப் போகமாட்டேங்குது."

அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வீட்டுக்குப் போய்க் காகிதத்தில் போட்டு நிரூபித்துப் பார்க்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவள் சொன்னது சரி. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லை. தூங்குகிறாள் என்று நான் நினைத்த நேரமெல்லாம் அந்தப் பெண் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

அதன்பிறகு நாங்கள் தயார் செய்த முறையே மாறிவிட்டது. தினமும் வகுப்பு முடிந்ததும் இருவரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்காருவோம். நான் கேள்வியை மெதுவாகச் சொல்வேன். அவள் கண்ணை மூடிப் படத்தை வரைவாள். நானும் மூடிக்கொள்வேன். அவள் சொல்லச் சொல்ல அந்தப் படம் எனக்குள்ளும் வரும். என் ஆசிரியர் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான மணிநேரங்கள் வேறு கிடையாது. வாசலில் பார்த்தவர்கள் இரண்டு பேரும் தியானம் செய்கிறார்கள் என்று நினைத்துப் போயிருக்கிறார்கள்.

கணக்குத் தாளுக்குத் தேதி வந்தது. திங்கட்கிழமை காலை, கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்தில். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் கிழக்கே. திங்களும் சனியும் கிழக்கே சூலம். சூலம் இருக்கும் திசையில் பயணம் கிளம்பினால் போன காரியம் விளங்காது என்பது நம்மவர்கள் நம்பிக்கை. சிவகாமியின் அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"திங்கக்கிழமை கெழக்க அனுப்ப மாட்டேன், டீச்சர். வேற நாளு கேட்டுப் பாருங்க."

"அம்மா, தேதிய நான் போடல. சீமைக்காரன் போட்டது. அவனுக்குச் சூலம் தெரியாது" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே அழைத்துப்போய் என் சிநேகிதி வீட்டில் தங்கவைக்கிறேன் என்றேன். நிச்சயமான பெண் வேறு வீட்டில் ராத்தங்கக் கூடாது என்றார். அவர் கணவரோ இந்த விஷயங்களில் வாயே திறக்காதவர். அவர்களை வழியனுப்ப வெளியே வந்ததும் சிவகாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சிரிக்காதீங்க, டீச்சர்" என்றாள். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எனக்கு என் சாமர்த்தியத்தின்மேல்தான் கவனம். பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆகாத நாளில் பயணம் போகவேண்டி வந்தால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், நம் பொருள் ஒன்றைப் போகும் திசையில் இருக்கும் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே பயணம் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் அதை வழியில் எடுத்துக்கொண்டு போகலாம். மறுநாள் நானே போய் அந்த அம்மாவிடம் பரஸ்தானம் வைத்துவிடலாமே என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. எதிராளியின் சூத்திரத்தை வைத்தே கணக்கை முடித்துவிட்டேன் அல்லவா!

வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்து, சிவகாமியின் காம்பஸ் பெட்டியை மஞ்சள் துணியில் கட்டினோம். தகரப் பெட்டி. உள்ளே காம்பஸ், டிவைடர், அரையடி ரூலர். கட்டுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். அனுமதிச் சீட்டை நான்காக மடித்து அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். திங்கட்கிழமை எப்படியும் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுதானே ரயிலேறப் போகிறோம், இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைத்தேன். பழைய அம்மையார் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிட்டேன்.

பெட்டியைக் கிள்ளான் ரயில் நிலையத்தை ஒட்டி ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த லைன் வீடுகளில், சிக்னல்காரர் மனைவி அஞ்சலையிடம் கொடுத்தோம். நல்ல மனுஷி. சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் சிவகாமியிடம் காம்பஸ் கிடையாது. நல்லதாகப் போயிற்று, எல்லாவற்றையும் மனசிலேயே போடு என்றேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் நான், சிவகாமி, அவள் அம்மா மூன்று பேரும் லைன் வீட்டுக்குப் போனோம். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சலை அக்காவா? காப்பார் தோட்டத்துல தங்கச்சிக்கு வலி எடுத்துருச்சின்னு ஆள் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அண்ணன் கேட்டுல டூட்டி. சாவி அவருகிட்டதான்."

கேட் என்றால் சடக்கும், அதாவது சாலையும், தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் இடம். ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். ரயிலோ நிலையத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அடுத்த ரயிலில் போனால் மண்டபத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். இதுதான் நீங்கள் என்னிடம் கேட்க வந்த கேள்வி, உங்களுக்கே தெரியாமல். சீட்டு இல்லாமல் போனால் உள்ளே விடுவார்களா தெரியாது. சீட்டுக்காக நின்றால் ரயில் போய்விடும். சிவகாமி என் முகத்தைப் பார்க்கிறாள். என் பயத்தை அவள் பார்த்துவிடக் கூடாது. அவள் அம்மாவோ மகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பெட்டி இல்லாம போகக் கூடாது, டீச்சர். பரஸ்தானம் வச்சத விட்டுட்டுப் போனா இன்னும் கெடுதல். வேணாம், டீச்சர்" என்கிறார்.

"ஏறு" என்றேன்.

சிவகாமி ஏறினாள். நானும் ஏறினேன். சன்னல் வழியாக அந்த அம்மாவிடம் கத்தினேன். "சீட்டு அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கும்மா! சாவி கெடச்சா அடுத்த ரயில்ல யாருகிட்டயாவது குடுத்து அனுப்புங்க. பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடம்!" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டதா கேட்கவில்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ரயில் பத்துத் தீகா நிலையத்தைத் தாண்டும்வரை என் கண் வெளியேதான் இருந்தது. இருபுறமும் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். காலைப் பனியில் வரிசை வரிசையாக வந்து, திரும்பி, விலகிப் போயின. மனசெல்லாம் பூட்டுத்தான். சீட்டு, பூட்டு, சாவி என்று அதே சுற்று. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சிவகாமியின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விரல் மடியில் மெல்ல வட்டம் போட்டது.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. சீட்டைத் தேடுவது என் வேலை. அவள் வேலை கணக்கு. என் பதற்றத்தில் பாதியை அவளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

"மூணு வட்டம்" என்றேன் மெதுவாக.

"ம்" என்றாள்.

"ஒண்ணைப் பெருசாக்கு."

கோலாலம்பூர் வரும்வரை அப்படியே போனோம். அந்த ரயில்பெட்டியில் எங்களோடு யார் இருந்தார்கள், எந்தெந்த நிலையத்தில் ரயில் நின்றது, ஒன்றும் நினைவில்லை. வட்டங்கள்தான் நினைவில் இருக்கின்றன.

மண்டபத்தில் தலைமைக் கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். சிவகாமியின் பெயர் பட்டியலில் இருந்ததால் எழுத விட்டார். தாள் முடியும் முன்பு சீட்டு தன் கைக்கு வந்தால் விடைத்தாளை மற்றவற்றின் கட்டோடு சேர்த்து அனுப்புவதாகவும், வராவிட்டால் அது கட்டுக்கு வெளியே நின்றுவிடும் என்றும் சொன்னார். உள்ளே யாரிடமும் கருவி இரவல் வாங்கக் கூடாது, அது விதி. நான் என் பேனாவை மட்டும் சிவகாமியிடம் கொடுத்தேன். காம்பஸ் இல்லை, ரூலர்கூட இல்லை. "கையால போடு. என்ன போடறேன்னு ஒவ்வொரு படியும் எழுது. படம் கோணலா இருந்தா குத்தமில்ல" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

வெளியே ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. சாலையில் மாட்டுவண்டிகள் போயின. ரயில் நிலையத்துப் பக்கமிருந்து எந்த ரயில்வேக்காரரின் காக்கிச் சட்டை வந்தாலும் எழுந்து நின்றேன். அடுத்த ரயில் வந்த சத்தம் கேட்டது. காக்கிச் சட்டைகள் வந்தார்கள், போனார்கள். யார் கையிலும் மஞ்சள் துணி இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் தை மாதத்தை நானே எழுதிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது சாலை வளைவில் ஒரு புடவை தெரிந்தது. செருப்பில்லாத கால். மஞ்சள் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து, சிவகாமியின் அம்மா வந்துகொண்டிருந்தார்.

நான் ஓடினேன். பெட்டியைப் பிரித்து, சீட்டை எடுத்து, வெள்ளைக்காரர் கையில் கொடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கால்மணி நேரம் இருந்தது. சீட்டைத் தம் மேசையில் வைத்துக்கொண்டார். பெட்டியை உள்ளே அனுப்பட்டுமா என்று கேட்டேன். அந்தப் பெண் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே என்றார்.

திரும்பி வந்தபோது அந்த அம்மா பெஞ்சில் உட்காராமல் மரத்தில் சாய்ந்து நின்றார். அதுவரை அவர் பத்துமலைத் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு வந்ததைத் தவிர அந்த ஊர்ப்பக்கம் வந்ததில்லை. தனியாக ரயிலேறியது அதுதான் முதல் தடவை.

"கேட்டு வரைக்கும் ஓடிப் போயி சாவி வாங்கினேன். குடுத்து அனுப்ப ஆள் தேடினேன், டீச்சர். யாரை நம்பறது? நானே வந்துட்டேன்."

"திங்கக்கிழமையாச்சேம்மா" என்றேன். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் மூத்த பையன் ஒரு திங்கக்கிழமைதான் கெழக்க வேலைக்குப் போனான். போகாதடான்னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டே போனான். மூணா நாளு காய்ச்சல்ல போயிட்டான். மொகத்தக்கூட நான் பாக்கல" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "சூலம் யாரையாவது புடிக்கணும்னா என்னைப் புடிச்சிக்கட்டும்னுதான் வந்தேன். அவ மேல படாது."

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாமர்த்தியசாலியான டீச்சர் நடுத்தெருவில் அழுதாள். அவருடைய பயத்தைத் தந்திரத்தால் தாண்டிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்துக்குள் ஒரு பிள்ளை செத்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை.

"அவ எழுதறாளா, டீச்சர்?" என்றார்.

சன்னல் வரைக்கும் அழைத்துப் போனேன். மூன்றாவது வரிசையில் சிவகாமி. கண் மூடியிருந்தது. விரல் காற்றில் எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா பதறிப்போனார்.

"ஐயோ, தூங்கறாளே! தட்டி எழுப்பச் சொல்லுங்க, டீச்சர்!"

"தூங்கலம்மா. கணக்கு போடறா" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து எழுத ஆரம்பிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

தேறினாள். விடைத்தாளில் வட்டங்கள் எல்லாம் கோழிமுட்டை மாதிரித்தான் இருந்தனவாம், அவளே சொன்னாள். மையொற்றும் தாளின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டாளாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தான் என்ன வரைய நினைத்தாள், ஏன் அது சரி என்று எழுதியிருந்தாள். காம்பஸ் இருந்திருந்தால் அவ்வளவு தெளிவாக எழுதியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. அந்த அம்மா வராமல் போயிருந்தால் "ஏறு" என்ற அந்த ஒரு சொல்லை நினைத்து நான் ஆயுள் முழுக்கத் தூங்கியிருக்க மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் ஏறு என்றுதான் சொல்வேன். சீட்டு மட்டும் என் கைப்பையில் இருக்கும்.

கல்லூரி திறக்கும் நாளை ஒட்டி அவளுக்குச் சிங்கப்பூர் ரயிலில் இடம் கிடைத்தது வியாழக்கிழமை. வியாழன் தெற்கே சூலம். சிங்கப்பூர் தெற்கே. நான் வழியனுப்பப் போனேன். வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன். அந்த அம்மா மகளின் சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவேளை மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். விசில் ஊதியதும் என் பக்கம் வந்து நின்றார்.

"வியாழக்கிழமைன்னு தெரியும், டீச்சர்" என்றார். "அந்தக் காம்பஸ் பெட்டிய மட்டும் அவ மடியிலயே வச்சிக்கச் சொல்லுங்க."